சிறு தழும்பும் தைராய்டு அறுவை சிகிச்சையும்
(மருத்துவமனையைத் தாங்குவோர் கூடுகையில் ஆற்றிய உரை)



கழுத்தில் தழும்பு விழாமல் தைராய்டு கட்டியை எடுக்கும் காமிராக் கருவியை நம் மருத்துவமனைக்கு வாங்கித் தரலாமா என்று உங்களில் சிலர் அன்போடு கேட்டிருக்கிறீர்கள். காரணம் எங்களுக்குப் புரிகிறது. தைராய்டு நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. கலியாணத்துக்கு நிற்கும் பெண்ணின் தாயார், நோயைப் பற்றிக் கேட்கும் முன்பே தழும்பைப் பற்றிக் கேட்கிறார். அது வீண் கவலை என்று நாங்கள் சொல்லமாட்டோம். கழுத்து மடிப்பிலேயே கீறல் வைத்தால் தழும்பு நாளடைவில் மங்கும். ஆனாலும் தழும்பு தழும்புதான்.

இத்தாலியில் பீசா நகரத்து மருத்துவர் பாவ்லோ மிக்கோலி 1990-களின் இறுதியில், காமிராவின் துணையோடு ஏறக்குறைய 2 செ.மீ. கீறலில் இச்சிகிச்சையைச் செய்துகாட்டினார். பின்பு அக்குள் வழியாகவும் செய்தார்கள். பாங்காக்கில் அங்கூன் அனுவோங் என்பவர் கீழுதட்டின் உட்புறம் 3 துளைகள் இட்டு, வாய்வழியாகவே எடுத்தார். அவருடைய முதல் 60 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை 2016-ல் வெளியாயிற்று. இம்முறையில் வெளியே தழும்பே இல்லை.

ஆனால் தோலுக்குக் கீழே உள்ளவை மாறவில்லை. குரல் நாண்களை அசைக்கும் நரம்பு தைராய்டின் பின்புறத்தை ஒட்டி இருபக்கமும் ஓடுகிறது. அது இழுபட்டாலோ சூடுபட்டாலோ குரல் கம்மும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் குரல் திரும்பிவிடும். தேர்ந்த கைகளில் நிரந்தரமாகக் கெடுவது நூற்றுக்கு 1 அல்லது 2 பேருக்கே. பள்ளி ஆசிரியைக்கு அந்த ஒன்றே பெரிது. இருபக்க நரம்பும் செயலிழந்தால் மூச்சுக்கே ஆபத்து.

பருப்பு அளவே உள்ள 4 பாராதைராய்டு சுரப்பிகளும் அங்கேதான் உள்ளன. தைராய்டை முழுவதும் எடுக்கையில் அவை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கால்சியம் இறங்கும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மதமதப்பு வரும், பிறகு கை இழுத்துக்கொள்ளும். இது 2-ஆம், 3-ஆம் நாளில்கூடத் தலைகாட்டும். சிறு துளைதானே என்று மறுநாளே அனுப்பிவிட்டால், வீட்டில்தான் நேரும்.

நாங்கள் மிகவும் அஞ்சுவது இரத்தக் கசிவுக்கு. நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் நேரும். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள். கழுத்துக்குள் இரத்தம் தேங்க இடமில்லை, மூச்சை அடைத்துவிடும். கழுத்து விம்முகிறது, குரல் மாறுகிறது, நோயாளி படுக்க மாட்டாமல் எழுந்து உட்காருகிறார். அப்போது தியேட்டருக்குக் கொண்டுபோகும்வரை காத்திருக்கலாகாது; கட்டிலிலேயே தையலைப் பிரிக்க வேண்டும். வாய்வழி முறையிலோ பிரிப்பதற்குக் கழுத்தில் தையலே இல்லை, புதிதாகத் திறந்தாக வேண்டும்!

புதிய வழிகளுக்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. வாய்வழி முறையில் நரம்பு அடிபட்டு முகவாய் மரத்துப்போகலாம். இடத்தை விரிக்கச் செலுத்தும் கரியமில வாயு, மிக அரிதாக, இரத்தக் குழாயில் புகலாம். அக்குள் முறையில் கையை வெகுநேரம் தூக்கிவைப்பதால் தோள் நரம்புகள் இழுபடலாம். பெரிய கழலைகளுக்கும் பரவிய புற்றுநோய்க்கும் இம்முறைகள் ஏற்றவையல்ல. நடுவில் சிக்கலானால் கழுத்தைத் திறக்க வேண்டிவரும். அதற்கும் முன்னதாகவே சம்மதம் பெறவேண்டும்.

கருவியை வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் மாதத்துக்கு ஓரிருவருக்குச் செய்தால் கை பழகாது. பழகும்வரை படுத்துக்கொடுப்பவர்கள் நம் ஊர்ப் பெண்களே. ஆகையால், எங்கள் மருத்துவர் ஒருவர் தேர்ந்த இடமொன்றில் தங்கிப் பயின்று வரட்டும். கருவியை அதன் பின்பு பார்ப்போம். இவ்வாண்டு உங்கள் காணிக்கையில் நாங்கள் வேண்டுவது: அறுவை வார்டுக்கு இரவில் இன்னும் ஒரு செவிலியர், கட்டிலருகே தையல் பிரிக்கும் தட்டுகள், அறுவைக்கு முன்னும் பின்னும் குரல் நாண்களைப் பார்க்க ஒரு குழல் காமிரா.