திங்கட்கிழமைக்கு முன்னாடி கேட்டுடுங்க

இந்த எபிசோடை ஆயக்குடியில எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். பழனி பக்கத்துல இருக்கிற ஊர். கொய்யாப்பழம் வாங்குறவங்க பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. நடுவுல லோடு வண்டிச் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

வர்ற திங்கட்கிழமை எனக்குப் புது காண்ட்ராக்ட் ஆரம்பிக்குது. ஆறு மாசம், ஒரு கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிற ரெக்ரூட்டர் வேலை. லேப்டாப் சார்ஜ், இன்டர்நெட், ஹெட்செட் எல்லாம் ரெடி. ஆனா தயாராகுறதுன்னா அது இல்லைன்னு போன தடவைதான் கத்துக்கிட்டேன்.

போன காண்ட்ராக்ட்ல முதல் நாளே 12 வேலைக்கான லிஸ்ட் கையில வந்துச்சு. அன்னைக்கே போன் போட ஆரம்பிச்சுட்டேன். ஒரு தம்பி செலக்ட் ஆனான். "அக்கா, பேப்பர் போட்டுடவா?"ன்னு கேட்டான். ஆஃபர் லெட்டர் இன்னும் வரல. மேனேஜர் வாய்மொழியா ஓகே சொன்னதை நம்பி, "போடுப்பா"ன்னு சொல்லிட்டேன். ரெண்டு வாரத்துல அந்த இடத்தையே நிறுத்தி வெச்சுட்டாங்க. அதுக்கு பட்ஜெட் அனுமதியே முழுசா வாங்கலையாம். பழைய கம்பெனியும் அவனைத் திரும்ப எடுத்துக்கல. நாலு மாசம் வீட்டுல இருந்தான். கம்பெனி மேல தப்பு இருக்கு, சரி. ஆனா "போடு"ன்னு சொன்னது என் வாய்தானே?

அதனால இந்தத் தடவை வேலையில சேர்றதுக்கு முன்னாடியே நாலு கேள்வி அனுப்பியிருக்கேன். ஒண்ணு, இந்த லிஸ்ட்ல பட்ஜெட் அனுமதி வாங்கின இடம் எத்தனை? ரெண்டு, கடைசி முடிவு யாரோடது? மூணு, இன்டர்வியூ முடிஞ்சு எத்தனை நாள்ல பதில் வரும்? நாலு, 90 நாள் நோட்டீஸ் பீரியட் இருக்கிற ஆளுக்காகக் காத்திருப்பாங்களா? நாலாவதுக்குப் பதில் "இல்லை"ன்னா, பாதிப் பேருக்கு நான் போனே போட வேண்டாம்.

அடுத்து நம்ம கணக்கு. இப்படி தனியா காண்ட்ராக்ட் எடுக்கிறவங்களுக்கு பிஎஃப் கிடையாது, லீவு சம்பளம் கிடையாது. பில் கொடுத்தா எத்தனை நாள்ல பணம் வரும், நடுவுல நிறுத்தினா எத்தனை நாள் நோட்டீஸ், ரெண்டும் எழுத்துல இருக்கணும். டிடிஎஸ் பிடிச்சா, உங்க பான் கணக்குல ஏறியிருக்கான்னு பாருங்க. வருஷ வரவு 20 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி பதிவும் வேணும்.

பழைய கம்பெனிக்காக வாங்கின ரெஸ்யூமே எல்லாம் லேப்டாப்ல கிடக்குதா? அதைத் தூக்கிட்டுப் போய் புது இடத்துல கொட்டாதீங்க. அந்த விவரம் அவங்களோடது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-லயே சட்டம் வந்தாச்சு. திரும்ப போன் பண்ணி, சம்மதம் கேட்டுட்டு அனுப்புங்க.

இன்னொண்ணு, வேலை தேடுறவங்ககிட்ட காசு வாங்காதீங்க. நம்ம தொழிலுக்கு ஒரு பழைய முகம் இருக்கு: கங்காணி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் ஆள் சேர்க்க, அவர் சொந்த ஊருக்குத்தான் வந்தார். தெரிஞ்ச முகம், அதனால ஜனங்க நம்பினாங்க. அவர் கொடுத்த முன்பணம் அங்க போய் இறங்கினதும் கடனா நின்னுச்சு. இன்னைக்கு எங்க தெருவுலயும் "அக்கா சொன்னா சரியா இருக்கும்"னு நம்புற பசங்க இருக்காங்க. அந்த நம்பிக்கைதான் எனக்கு பயமா இருக்கு.

இங்க கொய்யாவைப் பழுக்க விட்டுப் பறிக்க மாட்டாங்க. தூரத்து மார்க்கெட்டுக்குப் போகணும்னா கொஞ்சம் காயாவே பறிப்பாங்க. போய்ச் சேர எத்தனை நாள்னு தெரிஞ்ச பிறகுதான் கிளையில கை வைப்பாங்க. நானும் அந்த நாலு கேள்விக்குப் பதில் வந்த பிறகுதான் முதல் போன் போடப் போறேன். இதுவரைக்கும் ரெண்டுக்கு வந்திருக்கு.

அந்தத் தம்பிக்கு இப்போ வேற வேலை கிடைச்சிருச்சு. என் மூலமா இல்ல. போன வாரம் கூப்பிட்டு மன்னிப்பு கேட்டேன். "விடுங்கக்கா"ன்னான். விட முடியல, அதான் உங்ககிட்ட சொல்றேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.