மருத்துவர் நாவில் எம்மொழி?

(திருவொற்றியூர்த் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்ந்த முதியவர் ஒருவர், என் பழைய மாணவனின் தந்தை, அண்மையில் வாயெல்லாம் புண்ணாகி என்னிடம் வந்தார். மூட்டு வீக்கத்திற்குத் தனியார் மருத்துவர் ஒருவர் எழுதிய ஆங்கிலச் சீட்டை நீட்டினார். கிழமைக்கு ஒருமுறை உண்ணவேண்டிய மாத்திரையை அவர் ஒன்பது நாள் நாள்தோறும் உண்டிருந்தார்! மருத்துவரும் தமிழர், நோயரும் தமிழர், இடையில் நின்ற தாள் மட்டும் அயலது.

இஃது ஒருவர் பிழையன்று. பேரரசு விட்டுச்சென்ற பழக்கம். பல இனங்களை ஆண்ட பேரரசுகளில் மருத்துவத்தின் மொழி எதுவென்பதே ஒரு போராட்டமாக இருந்தது. துருக்கியப் பேரரசின் மருத்துவப்பள்ளியில் 1839 முதல் பிரெஞ்சிலேயே பாடம் நடந்தது. துருக்கிய மருத்துவர்கள் கழகம் அமைத்துப் போராடினர்; 1870இல் பாடமொழி துருக்கியாயிற்று; 1873இல் மருத்துவ அகரமுதலி வெளிவந்தது. ஆத்திரியப் பேரரசின் பிராகு நகரிலோ, செக்கு மக்களின் எழுச்சியால் 1882இல் பல்கலைக்கழகமே செருமன், செக்கு என இரண்டாயிற்று. மறு ஆண்டே மருத்துவப் பிரிவும் பிரிந்தது.

நமக்கோ இவர்களுக்கும் முன்பே வழி திறந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் கிரீன் 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். ஆங்கிலத்தில் பயின்றவர் அரசுப்பணி தேடி அகல்வர். தமிழில் பயின்றவரே ஊரில் தங்கி ஊரைக் காப்பர் என்பது அவர் கணிப்பு. பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். 1873இல் அவர் தாயகம் திரும்பியபின் அம்முயற்சி தளர்ந்தது. ஆங்கிலமே பதவிக்கு வாயிலானபோது தமிழ்வழியை யார் நாடுவர்?

அவர் நூல்களின் பெயர்களைப் பாருங்கள்: 'இரணவைத்தியம்', 'அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்'! வடசொல்லும் பிறசொல்லும் கலந்த நடை நமக்கு உவப்பன்று. ஆயினும் நெஞ்சில் கைவைத்துச் சொல்வோம்: நாம் தூய கலைச்சொற்களை நூற்றுக்கணக்கில் படைத்தோம், அவற்றைக் கொண்டு ஓர் அறுவை மருத்துவரையேனும் உருவாக்கினோமா? கலப்பு நடையில் அவர் மருத்துவரை உருவாக்கினார்; தூய நடையில் நாம் பட்டியல்களையே உருவாக்கினோம்.

நம் இராயபுரத்து மருத்துவப்பள்ளி 1933இல் ஆளுநர் இசுடான்லியின் பெயரைத் தாங்கியது, 1938இல் கல்லூரியாயிற்று. ஆள வந்தோர் போயினர்; தமிழகத்து மருத்துவக் கல்லூரிகளின் பாடமொழி இன்றும் ஆங்கிலமே.

ஆகவே இரண்டு கேட்போம். மருத்துவப் பாடம் தமிழிலும் நடக்கட்டும். அதுவரை, மருந்துச் சீட்டில் உண்ணும் முறையேனும் தமிழில் இருக்கட்டும். 'கிழமைக்கு ஒன்று' என இரண்டே சொற்கள் தமிழில் இருந்திருந்தால், அம்முதியவர் இருபது நாள் மருத்துவமனையில் கிடந்திருக்கமாட்டார்.

வெல்க தமிழ்!