டிரஸ்டியிடம் சொத்து வாங்குவோர்க்குச் சட்டம் தரும் காவல்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிறர் நன்மையின் பொருட்டுச் சொத்தைத் தம் பெயரில் வைத்துக் காப்பவரை டிரஸ்டி என்கிறோம். அவர் நெறி தவறி அச்சொத்தை விற்றுவிடின், வாங்கினவர் கதி யாது?

ஓர் உதாரணம் கொள்வோம். ஒருவர் தம் சிறு மக்களுக்காக ஒரு தொகையைத் தமையனாரிடம் ஒப்புவித்து இறந்தார். தமையனார் அத்தொகையால் தம் பெயரிலேயே ஒரு மனை வாங்கி, பின்னர் அதனை விற்றுப் பணத்தைச் செலவழித்துவிட்டார். வயது வந்த மக்கள் மனையைக் கேட்கின்றனர். வாங்கினவரோ தம் ஆயுட்காலச் சம்பாத்தியத்தை அதில் இட்டவர். இரு திறத்தாரும் குற்றமற்றவரே. எனினும் நஷ்டம் ஒருவரைச் சார்ந்தே தீரும்.

1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டுச் சட்டம் இதற்கு விடை கூறுகிறது. டிரஸ்டுச் சொத்து முறைகேடாக அந்நியர் கைக்குப் போயினும், அதனைப் பின்தொடரும் உரிமையை 63ஆம் பிரிவு பயனாளிகட்கு அளிக்கிறது. ஆனால் நல்லெண்ணத்துடன், விலை கொடுத்து, டிரஸ்டு உண்டென்பதை அறியாது வாங்கினவரை 64ஆம் பிரிவு காக்கிறது. அவரிடமிருந்து விலைக்கு வாங்கினவர்க்கும் அக்காவல் உண்டு. மக்கள் தம் நஷ்டத்தைப் பெரிய தந்தையாரிடமே கோர வேண்டும். இனாமாகப் பெற்றவர்க்கோ இக்காவல் இல்லை.

அறியாமை என்பது யாது? பணம் செலுத்துங்காலும் பத்திரம் எழுதுங்காலும் அறியாதிருத்தல் வேண்டும். வேண்டுமென்றே விசாரியாது கண்ணை மூடிக்கொண்டவரும், பெரும் அசட்டை செய்தவரும் அறிந்தவராகவே கருதப்படுவர். 1929ஆம் ஆண்டில் சொத்து மாற்றுச் சட்டத்திற் செய்த திருத்தத்தின்படி, பதிவான பத்திரத்தின் செய்தியும், சொத்தில் குடியிருப்பவரது உரிமையும் வாங்குவோர்க்குத் தெரிந்தனவாகவே கொள்ளப்படும். ஆதலின் வில்லங்கம் பார்ப்பதோடு நில்லாது, வீட்டில் வாழ்வோரையும் வினவுதல் கடன்.

டிரஸ்டிக்குச் சேரவேண்டிய பணத்தைச் செலுத்தி, எழுத்து மூலம் ரசீது பெற்றவர்க்கு 42ஆம் பிரிவு துணை நிற்கும். மோசடி இல்லாதவிடத்து, டிரஸ்டி அப்பணத்தை எவ்வாறு செலவிட்டார் என்பதற்கு அவர் பொறுப்பாளியல்லர்.

கோயில் சொத்தின் நிலை வேறு. சமய, தருமக் கட்டளைகட்கு மேற்கூறிய டிரஸ்டுச் சட்டம் பொருந்தாது. தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, கமிஷனரது அனுமதியின்றிச் செய்த கிரயம் செல்லாது. அங்கு, அறியாது வாங்கினேன் என்பதை நம்பிப் பணம் கொடுத்தல் ஆகாது.

எனவே, ஒப்புவிப்போர் எழுத்தில் ஒப்புவியுங்கள். வாங்குவோர் விசாரித்து வாங்குங்கள். நம் பிள்ளைகளின் உரிமையையும், அயலார் உழைத்துச் சேர்த்த பொருளையும் ஒருங்கே காக்கும் வழி இதுவே.