சுட்ட கோழி வறளாமல் இருக்க



மெட்டுகுடாவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பல வீடுகளில் கோழிக்கறிதான். குழம்பு வைத்தால் கறி மெத்தென்று இருக்கும். கரி அடுப்பில் சுட்டால் நெஞ்சுக்கறி நார் நாராக வறண்டுவிடும். பிள்ளைகள் துப்பிவிடுவார்கள்.

அதற்குப் பயந்து சிலர் அரை வேக்காட்டில் எடுத்துவிடுகிறார்கள். அது ஆபத்து! வேகாத கறியில் கிருமி இருக்கும். வயிற்றுப்போக்கு வரும்.

வழி என்ன? உப்புத் தண்ணீர்.

1 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரையுங்கள். கறித் துண்டுகளை அதில் மூழ்க வையுங்கள். 1 மணி நேரம் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். ஃபிரிட்ஜ் இல்லையா? பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் கட்டி அடுக்குங்கள். சும்மா வெளியே வைக்காதீர்கள்.

உப்பு கறிக்குள் இறங்கும். நாரைத் தளர்த்தும். தளர்ந்த நார் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். "மாங்காயில் உப்புப் போட்டால் தண்ணீர் விடுகிறதே?" என்று கேட்பீர்கள். ஊறுகாய்க்கு உப்பு மிக அதிகம். இங்கே கொஞ்சம்தான்.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கறியை வடியவிட்டு மசாலா தடவுங்கள். மசாலாவில் மறுபடி உப்பு வேண்டாம். வீட்டில் இரத்தக் கொதிப்புக்காரர் இருந்தால், அவருக்கு உப்பில்லாமல் தயிரில் ஊறவைத்துச் சுடுங்கள்.

தணலில் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். தடித்த துண்டை வெட்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புத் தெரிந்தால் மறுபடியும் அடுப்பில் போடுங்கள்.