வீட்டில் விசுவாசத்தை வளர்ப்பது பாட்டே!

    

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் ரொம்ப அழகாகப் பேசினார். பாட்டு காதோடு போயிரும், பிரசங்கம்தான் கருத்திலே நிற்கும்னார். நான் அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். ஐயா, போன ஞாயிற்றுக்கிழமை உங்க கோயில்லே ஐயர் என்ன பிரசங்கம் பண்ணினார்? (சிரிப்பு) எங்க திருநெல்வேலிப் பக்கம் பாதிரியாரை ஐயர்னுதான் சொல்லுவோம். யோசிக்கிறார் பாருங்க. சரி, விடுங்க. கடைசியா என்ன பாட்டுப் பாடினீங்க? பார்த்தீங்களா, இதுக்கு உடனே தலையை ஆட்டுறார். அந்த ராகம் இன்னும் உள்ளே ஓடிக்கிட்டிருக்கு! (கைதட்டல்)

பிரசங்கமே வேண்டாம்னு சொல்ல நான் வரலை நடுவர் அவர்களே. அப்படிச் சொன்னா எனக்கு எங்க வீட்டிலேயே சோறு கிடைக்காது. என் மாமனார் உபதேசியாராக இருந்தவர். ஆனால் தலைப்பைக் கவனிக்கணும். கோயிலில் விசுவாசத்தை வளர்ப்பது எது என்று நீங்கள் கேட்கவில்லை. வீட்டில் வளர்ப்பது எது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டிலே யார் பிரசங்கம் பண்ணுவா? அப்பா பண்ணுவார். எப்போ பண்ணுவார்? மார்க் குறைஞ்ச அன்னைக்குப் பண்ணுவார். ராத்திரி குடும்ப ஜெபத்திலே கண்ணை மூடிக்கிட்டு, "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைக் கொடும், கணக்குப் பாடத்திலே கவனத்தைக் கொடும், தெருவிலே சுத்துற அந்த மூணு பயல்கள் சகவாசத்திலிருந்து விலக்கிக் காத்தருளும்" என்பார். இது ஆண்டவருக்குச் சொன்ன ஜெபமா, பிள்ளைக்குச் சொன்ன வசவா? (பலத்த சிரிப்பு) அந்தப் பையன் ஆமென்னு சொல்லும்போது அவன் மூஞ்சியைப் பார்க்கணுமே!

எங்க ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பனங்காட்டு ஊர். விடியமுன்னே தாத்தா பனையேறப் போவார். ஆச்சி பதனீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊத்துவா. அவளுக்கு வேதாகமத்திலே ஒரு வரி வாசிக்கத் தெரியாது. ஆனால் பாட்டுப் புஸ்தகத்திலே பாதி மனப்பாடம். பாமாலையா, கீர்த்தனையா, எத்தனாம் நம்பர், எல்லாம் சொல்லுவா. பெத்லகேம் கதையும் கல்வாரிக் கதையும் அவளுக்குப் பாட்டாகத்தான் தெரியும். கூப்பனி கொதிக்கிற வரைக்கும் ஒரு பாட்டு, அது பாகு பதத்துக்கு வர்ற வரைக்கும் இன்னொரு பாட்டு. அடுப்பு முன்னாலே உட்கார்ந்திருந்த எங்க அம்மா அப்படித்தான் கத்துக்கிட்டா. அம்மாகிட்டேயிருந்து நாங்க. இதிலே பிரசங்கம் எங்கே இருக்கு, சொல்லுங்க!

எதிரணியினர் மார்ட்டின் லூத்தரை இழுத்தார்கள். பிரசங்கத்தாலேயே ஐரோப்பாவைப் புரட்டிப் போட்டவர் என்றார்கள். ஒத்துக்கிடுதேன். ஆனால் அந்த லூத்தர் வீட்டிலே என்ன செய்தார்? தன் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் கொண்டாட ஒரு பாட்டு எழுதினார். 1530-களில் நடந்தது. அதற்கு முதலிலே போட்ட மெட்டு எது தெரியுமா? தெருவிலே இளவட்டங்கள் பாடின விடுகதைப் பாட்டு மெட்டு! அவ்வளவு பெரிய பிரசங்கியார், சொந்தப் பிள்ளைன்னு வந்தவுடனே பாட்டைத்தான் எடுத்தார்.

அவர் வழியிலே வந்த சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியிலே வந்து இறங்கினார். ஜெர்மன் மெட்டிலே தமிழ்ப் பாட்டு அங்கேதான் ஆரம்பம். ஞானப்பாட்டு என்பார்கள். ஜெர்மன்காரர் சட்டையை நம்ம ஊர் ஆள் போட்டுக்கிட்ட மாதிரி, தோள்பட்டை கொஞ்சம் இறங்கித்தான் கிடக்கும். (சிரிப்பு) ஆனால் போட்டுப் போட்டு அதுவும் உடம்புக்குப் பழகிப்போச்சு.

அளவெடுத்துத் தைத்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774-ல் பிறந்தவர். சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். சரபோஜி மன்னர் காலத்திலே தஞ்சாவூரிலே வாழ்ந்தவர். குறவஞ்சி ஜனங்களுக்குப் பிடிக்குமா, பெத்லகேம் குறவஞ்சி பாடினார். ஏற்றம் இறைக்கிறவனுக்கு ஞான ஏற்றப்பாட்டு. மனுஷனுக்கு வேலை நடக்கிற இடத்துக்கே பாட்டைக் கொண்டுபோனார். 1853-ல் மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிலே கொண்டுவந்தபோது சாஸ்திரியாருக்கு எண்பதை நெருங்குகிற வயசு. அதுக்கு முன்னாலேயே அவை வாய்க்கு வாய் பரவிவிட்டன.

அதே தஞ்சாவூரிலே இன்னொருத்தர், ஆபிரகாம் பண்டிதர். சித்த வைத்தியர். தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையிலே பிறந்தவர். சங்கீதம் கற்கிற பிள்ளைகளுக்குப் பாடமெல்லாம் தெலுங்கிலே இருக்கிறதே என்று, தமிழிலே தாமே எழுதிச் சொல்லிக்கொடுத்தார். 1916-ல் பரோடாவிலே அகில இந்திய சங்கீத மாநாடு. அங்கே போய்ச் சுருதியைப் பற்றிப் பண்டிதர் பேசினார். சரிதான் என்று வீணையிலே வாசித்துக் காட்டியது யார்? அவர் வீட்டுப் பெண்கள்! பார்த்தீர்களா, அங்கேயும் குடும்பமாகத்தான் போயிருக்கிறார்கள்.

கத்தோலிக்க வீடுகளை மட்டும் விட்டுவிடலாமா? 1960-களில் வத்திக்கான் சங்கம் கூடிய பிறகுதான் பூசை தமிழுக்கு வந்தது. அதுவரைக்கும் பூசை லத்தீனிலே. ஆனால் சாயங்காலம் விளக்கு வைத்து ஜெபமாலை சொல்லி, மாதா பாட்டுப் பாடினது தமிழிலே. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர்தான். எந்த மதத்து வீட்டிலும் பாடலாம் என்று 1878-ல் சர்வ சமய சமரசக் கீர்த்தனை வெளியிட்டார். அவர் பாட்டுகளைக் கச்சேரி வித்வான்களும் பாடியிருக்கிறார்கள்.

இந்த இடத்திலே எதிரணி வழக்கறிஞர் தம்பி ஒரு அம்பு விட்டார். "இவ்வளவு பாட்டுப் பாடின தஞ்சாவூர்ச் சபையிலே ஜாதிக்கொரு பக்கமா உட்கார்ந்தாங்களே! 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் கடிதம் போட்டுத்தானே அதைத் தடுக்கவேண்டி வந்தது? சாஸ்திரியாரே ஜாதி வழக்கத்துக்காக வாதாடினவர்தானே?" என்று கேட்டார்.

ஆமா தம்பி. உண்மை. அதை மூடி மறைச்சுப் பேச நான் வரலை. அந்தப் பாயிண்ட் உங்களுக்கே. ஆனால் கடிதம் வந்தவுடனே வரிசை கலைஞ்சுதா? கோயிலை விட்டு எழுந்து போனவர்கள்தான் நிறைய. பாட்டு ஜாதியை ஒழிச்சுதுன்னு நான் சொல்லமாட்டேன், ஒழிக்கலை. ஆனால் சாஸ்திரியார் யாரோடு சேர்ந்து ஒரு வரிசையிலே உட்காரத் தயங்கினாரோ, அவங்க பேரன் பேத்திகள் அவர் பாட்டைத் தங்கள் வீட்டுப் பாட்டாகப் பாடிக்கிட்டிருக்காங்க. எழுதினவருக்கு வராத மனசு அவர் பாட்டுக்கு வந்துருச்சு. அதை எந்த நீதிமன்றத்திலே வழக்குப் போட்டுத் தடுப்பீங்க? (கைதட்டல்)

இப்போ எங்க வீட்டுக் கதை ஒண்ணு. எங்க அப்பா பாமாலைக்காரர். கோயிலிலே ஆர்மோனியம் வாசிப்பார். சுருதி விலகினா அவருக்குத் தலைவலியே வந்துரும். எங்க அண்ணன் விரும்பிக் கட்டிக்கிட்ட பொண்ணு பெந்தெகொஸ்தே சபை. கைதட்டி, டோலக் அடிச்சுப் பாடுறவங்க. கல்யாணம் எப்படியோ நடந்துருச்சு. சண்டை அதுக்குப் பிறகுதான். பிறக்கப்போற பிள்ளைக்குச் சின்ன வயசிலேயே தண்ணி தெளிச்சு ஞானஸ்நானம் கொடுக்கிறதா, வளர்ந்த பிறகு முங்கி எடுக்கிறதா? அப்பா ஒரு வசனம் சொல்லுவார். அண்ணன் ஒரு வசனம் சொல்லுவான். வசனத்துக்கு வசனம்! ரெண்டு பக்கமும் பிரசங்கம் நடந்தது. முடிவிலே பேச்சே நின்னுபோச்சு.

ஏழு மாசம் நடுவர் அவர்களே! ஒரே வீடு. அப்பா சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அண்ணன் இலையிலே உட்காருவான். "மோட்டாரைப் போடச் சொல்லு" என்று அப்பா அம்மாகிட்ட சொல்லுவார். அண்ணன் பக்கத்திலேயே நிற்பான். மருமகள் காப்பி கொண்டுவந்து வச்சா, டம்ளரைப் பார்த்துத் தலையாட்டுவார்.

எங்க அம்மா ஒண்ணே ஒண்ணை மட்டும் விட்டுக்கொடுக்கலை. ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரும் பாயிலே உட்கார்ந்தாகணும். முதல் வாரம் வேதம் வாசிச்சுப் பார்த்தோம். சரிப்படலை. எந்த அதிகாரத்தை எடுத்தாலும், "யாரைக் குத்திக் காட்ட இதை எடுத்தீங்க"ன்னு ஆயிருச்சு. அம்மா பார்த்தா. "வாசிப்பும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். ஆளுக்கொரு பாட்டு எடுங்க, எல்லோரும் சேர்ந்து பாடுங்க, கர்த்தருடைய ஜெபம் சொல்லி எழுந்திருங்க" என்றா. எங்க அம்மா எட்டாங்கிளாஸ். அவ்வளவுதான் படிப்பு.

பாடினாங்க. முகத்தை முகம் பார்க்காம பாடினாங்க. ஆனால் பாட்டிலே ஒரு வம்பு இருக்கு. பக்கத்திலே உட்கார்ந்தவன் எங்கே மூச்சு விடுறானோ அங்கேதான் நீங்களும் விடணும். அவன் தாமதிச்சா நீங்களும் காத்திருக்கணும். அப்பாவும் மகனும் ஏழு மாசம் தினம் ராத்திரி இப்படி ஒருத்தருக்கொருத்தர் காத்துக்கிட்டாங்க.

ஒருநாள் அப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. அவர் எடுக்கிற பாமாலையை அன்னைக்கு மதினி எடுத்தாங்க. இரண்டாவது அடியிலே இடம் தவறிப்போச்சு. அப்பா கண்ணைத் திறக்கலை. கம்மின குரலிலே, "அங்க ஏத்தக் கூடாது தாயி, இறக்கணும்" என்றார். ஏழு மாசத்திலே மருமகளைப் பார்த்து அவர் பேசின முதல் வார்த்தை அதுதான். மதினி இறக்கிப் பாடினாங்க. ரெண்டு நாள் கழிச்சு அவங்க சபைப் பாட்டு ஒண்ணை எடுத்தாங்க. அப்பா கைதட்டலை. ஆனால் முழங்காலிலே விரல் தாளம் போட்டதை நான் பார்த்தேன்.

ஞானஸ்நானச் சண்டை தீர்ந்துதான்னு கேட்பீங்க. தீரலை. 2004-ல் அப்பா சாகிறவரைக்கும் தீரலை. ஆனால் மோட்டாரைப் போடச் சொல்லி அண்ணன்கிட்டேயே நேரா சொன்னார். (நீண்ட கைதட்டல்)

அப்பா இறந்த ராத்திரி எங்க வீட்டிலே எல்லாச் சபைக்காரர்களும் வந்து விடியவிடியப் பாடினாங்க. எங்க பக்கத்து வழக்கம் அது. ஐயர் ஆறுதல் சொன்னது பத்து நிமிஷம். நல்லாத்தான் சொன்னார், குறை சொல்லலை. ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு, அழுது ஓய்ந்து சுவரிலே சாஞ்சிருந்த எங்க அம்மா பக்கத்திலே இருந்தது அந்தப் பாட்டுச் சத்தம்தான்.

கடைசியா, பேராசிரியர் சவுல் ராஜா கதையைச் சொன்னார். சவுலுக்குப் பித்துப் பிடிக்கும்போது தாவீது சுரமண்டலம் வாசிப்பான், வாசிச்சுக்கிட்டிருக்கும்போதே சவுல் அவன்மேலே ஈட்டியை எறிஞ்சார், பாட்டு என்ன கிழிச்சுதுன்னு கேட்டார். நல்ல கேள்வி. ஐயா, சவுல் பாடினாரா? இல்லை. கேட்டார். உட்கார்ந்துக்கிட்டுக் கேட்டார்! கையிலே ஈட்டியை வச்சுக்கிட்டுக் கேட்டார்!

இது எதிரணிக்கு மட்டும் சொல்லலை. எங்க அணிக்கும் சொல்லுதேன். ஒரு காலத்திலே டேப் ரிக்கார்டர் வந்தது, இப்போ ஆளுக்கொரு செல்போன். விடிஞ்சா அடைஞ்சா வீடு முழுக்கக் கிறிஸ்தவப் பாட்டுத்தான். யாரோ பாடுறாங்க, நல்ல குரல், நல்ல ஆர்க்கெஸ்ட்ரா. அம்மா சமையல்கட்டிலே ஒரு பாட்டு, மகள் காதிலே வேற பாட்டு, அப்பா தொலைக்காட்சியிலே இன்னொரு பாட்டு. ஒருத்தர் வாயும் அசையலை. எங்க பேத்தி பாட்டை மாத்தி மாத்திப் போடுறா, ஒண்ணிலேயும் ரெண்டாவது சரணம் தெரியலை. அதைக் கணக்கிலே சேர்த்து நாங்க வெற்றி கேட்கலை நடுவர் அவர்களே. நாங்க வாதாடுறது பாயிலே உட்கார்ந்து, சுருதி சேர்ந்தாலும் சேராட்டாலும், சொந்த வாயாலே சேர்ந்து பாடுற பாட்டுக்காக.

மணி அடிச்சிட்டீங்க. ஒரே நிமிஷம். சிலுவைக்கு முந்தின ராத்திரி. இடம் கோயில் இல்லை, ஒரு வீட்டு மேல்மாடி. சாப்பாடு முடிஞ்சுது. இயேசு தம் சீஷர்களோடு ஒலிவமலைக்குக் கிளம்பணும். காத்திருக்கிற துன்பம் அவருக்குத் தெரியும். கிளம்புறதுக்கு முன்னாலே என்ன செய்தாங்க? பாட்டுப் பாடினாங்க. மத்தேயுவும் மாற்குவும் எழுதி வச்சிருக்காங்க, பேராசிரியர் வீட்டுக்குப் போய்ப் புரட்டிப் பார்க்கட்டும். (சிரிப்பு, கைதட்டல்)

ஆகவே, வீட்டில் விசுவாசத்தை வளர்ப்பது பாட்டே என்ற எங்கள் அணிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.