விருந்துக்குப் போகலாமா?

(தொழிற்சங்க ஊழியர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



தொழிற்சங்க வகுப்பில் விருந்துச் சாப்பாட்டைப் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் சிரிக்கக்கூடும். பேசத்தான் வேண்டும். பிரிட்டனில் கம்ப்யூட்டர் வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்கள் டிசம்பர் பிறந்தால் கேட்கும் கேள்வி இது: வேலை கொடுக்கும் கம்பெனியின் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போகலாமா? போனால் 'சொந்தத் தொழில் செய்பவர்' என்ற அந்தஸ்து பறிபோய்விடுமா?

இலையில் உட்காருமுன் வரிச் சட்டத்தைப் புரட்ட வேண்டிய நிலைமை! இது எப்படி வந்தது?

லண்டனில் ஒரு பாங்கியில் இருவர் அடுத்தடுத்த மேஜையில் வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே வேலை. ஒருவர் சம்பளக்காரர். வாரம் 5 நாள் வேலை செய்யும் அவருக்கு வருஷத்தில் 28 நாள் சம்பளத்துடன் லீவு, சட்டப்படி உண்டு. நோய்வாய்ப்பட்டால் படி உண்டு. மற்றவர் தம் பெயரில் ஒரு சின்னக் கம்பெனியைப் பதிவு செய்து, பில் அனுப்பிப் பணம் வாங்குகிறார். பாங்கி அவருக்கு லீவும் தராது, நோய்க்காலப் படியும் தராது.

பாங்கிக்கு இதில் என்ன லாபம்? சம்பளக்காரருக்காக முதலாளி தேசிய இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டும். 2025 ஏப்ரல் முதல் அது 15 சதவீதம். ஒப்பந்தக்காரர் விஷயத்தில் அந்தச் செலவு மிச்சம். ஒப்பந்தக்காரருக்கும் ஓர் ஆதாயம் உண்டு. அதை நாம் மறைக்கக் கூடாது. கொஞ்சத்தைச் சம்பளமாகவும் மீதியைப் பங்கு லாபமாகவும் எடுத்தால், பங்கு லாபத்துக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது.

இதைத் தடுக்க 2000 ஏப்ரலில் லேபர் கட்சி சர்க்கார் ஒரு சட்டத்தை அமுலாக்கியது. 1999-ல் வந்த அறிவிப்பின் எண்ணே அதற்குப் பெயராயிற்று: ஐ.ஆர்.35. நடுவில் கம்பெனி இருந்தாலும், உண்மையில் ஊழியரைப் போல வேலை செய்தால் ஊழியரைப் போல வரி கட்ட வேண்டும் என்பது சாரம். யார் எந்த ரகம் என்று தீர்மானிக்கும் பொறுப்பு, சர்க்கார் துறையில் 2017 ஏப்ரலிலும், பெரிய, நடுத்தரத் தனியார் கம்பெனிகளில் 2021 ஏப்ரலிலும் வேலை கொடுப்பவரின் கைக்கு மாறியது.

'இவர் நிறுவனத்தின் அங்கமாகிவிட்டாரா?' என்பதும் சோதனைகளில் ஒன்று. அதனால்தான் பயம். கூட வேலை செய்பவர்கள் கூப்பிட்டாலும் சாக்குச் சொல்லி நழுவுகிறார்கள்.

இந்தப் பயத்துக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது? 1968-ல் சட்டத் தொகுப்பில் வெளிவந்த ரெடி மிக்ஸ்டு கான்கிரீட் வழக்கைப் பாருங்கள். லாரி டிரைவர் கம்பெனியின் சீருடை அணிந்தார்; லாரிக்கும் கம்பெனியின் வர்ணம். ஆனாலும் லாரியை வாங்கிப் பராமரிக்கும் பொறுப்பு அவருடையது. அவர் சொந்தத் தொழில்காரரே என்று கோர்ட்டு சொன்னது. சீருடை செய்யாததை ஒரு வேளை விருந்து செய்துவிடுமா?

மறுபக்கம் 2021 பிப்ரவரியில் ஊபர் வழக்கு. ஒப்பந்தத் தாளில் டிரைவர்கள் சுயேச்சைக்காரர்கள். கட்டணத்தை நிர்ணயித்ததோ கம்பெனி. அவர்கள் தொழிலாளர்களே என்று பிரிட்டனின் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

வேலையை யார் கட்டுப்படுத்துகிறார்? தமக்குப் பதில் வேறு ஆளை அனுப்ப முடியுமா? நஷ்டம் வந்தால் யார் தலையில் விழும்? இவற்றையெல்லாம் சேர்த்து முழுச் சித்திரத்தையும் கோர்ட்டு பார்க்கிறது. அதில் விருந்து ஒரு சிறு புள்ளி.

ஆகவே உண்மையிலேயே சொந்தத் தொழில் செய்பவர் தாராளமாகப் போகலாம். விருந்தாளியாகப் போக வேண்டும். அந்த நேரத்துக்குப் பில் போடக் கூடாது. ஊழியர்களுக்கான போனஸ், சலுகைகளைக் கை நீட்டி வாங்கக் கூடாது. வருடாந்தர விருந்துக்கு ஊழியர் தலைக்கு 150 பவுன் வரை வருஷத்துக்கு வரிவிலக்கு உண்டு. அது ஊழியருக்கான சலுகை. ஒப்பந்தக்காரருக்கு வைக்கும் விருந்து வியாபார உபசாரச் செலவு. கம்பெனி அதைத் தன் வரிக் கணக்கில் கழிக்க முடியாது. இந்தக் கணக்கை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

ஆனால் தோழர்களே, இன்னொரு ரகம் இருக்கிறது. வருஷக்கணக்காக ஒரே நாற்காலி, ஒரே மேலதிகாரி, சொன்ன நேரத்துக்கு வந்து சொன்ன வேலையைச் செய்ய வேண்டும். விருந்துக்குப் போகாமல் இருந்தால் மட்டும் இவர் முதலாளியாகிவிடுவாரா? இவர் ஒளிந்துகொள்வது சக தொழிலாளியிடமிருந்துதான்.

இவர் ஐ.ஆர்.35-ல் அகப்பட்டால் என்ன ஆகிறது? ஊழியரைப் போல வரி பிடிக்கிறார்கள். அதே காரணத்துக்காக லீவு தருகிறார்களா? நோய்க்காலப் படி தருகிறார்களா? வரிச் சட்டத்தின் முடிவு தொழிலாளர் உரிமையைத் தானாகத் தருவதில்லை. வரிக்குத் தொழிலாளி, உரிமைக்கு அந்நியன்! இது என்ன நியாயம்? வரி வாங்க ஊழியர் என்றால், லீவு கொடுக்கவும் ஊழியர் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இதுவே நம் நிலை.

நம் ஊரில் உணவுப் பொட்டலம் சுமக்கும் இளைஞரைப் 'பார்ட்னர்' என்கிறார்கள். பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். யார் உத்தரவிடுகிறார், யார் நஷ்டம் சுமக்கிறார் என்று கேளுங்கள். பிரிட்டனில் ஒப்பந்தக்காரரைச் சேர்த்துக்கொள்ளும் சங்கங்கள் இருக்கின்றன. இங்கும் நம் சங்கத்தின் கதவு அவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொருவரும் அப்படிப்பட்ட ஒருவரையாவது அழைத்து வாருங்கள்.