ஆறு யாருக்குச் சொந்தம்?

தென் அமெரிக்காவிலே பெருக்கெடுத்து ஓடும் பேராறு அமேசான். அந்தப் பெயரைத் தன் கடைக்குச் சூட்டிக்கொண்டது ஓர் அமெரிக்க வணிக நிறுவனம். சூட்டிக்கொள்ளட்டும், அதனால் ஆறு வற்றிவிடவில்லை! ஆனால், 2012-இல் அது கேட்டது வேறு. இணைய முகவரியின் இறுதியிலே, ‘டாட் காம்’ நிற்கும் இடத்திலே, ‘டாட் அமேசான்’ என்ற பெயரின் ஆட்சி தனக்கே வேண்டும் என்றது.

கேட்டது யாரிடம்? உலக நாடுகளின் மன்றத்திடமா? அன்று. 1998-இல் கலிபோர்னியாவிலே பதிவான ‘ஐகான்’ என்னும் அமைப்பிடம்! விண்ணப்பக் கட்டணம் 1,85,000 டாலர். வந்த விண்ணப்பங்கள் 1,930. வட அமெரிக்காவிலிருந்து 911, ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதிலுமிருந்து 17! கதவு அனைவருக்கும் திறந்திருந்தது என்கிறார்கள். படியின் உயரத்தைச் சொல்ல மறக்கிறார்கள்.

பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. 2013-இல் அரசுகளின் ஆலோசனைக் குழு ‘கூடாது’ என்றது. 2014-இல் ஐகான் விண்ணப்பத்தைத் தள்ளியது. நிறுவனம் விடவில்லை. பொதுநலக் காரணத்தை ஆராயாமல், அரசுகள் சொல்லின என்பதற்காகவே தள்ளியது முறையன்று என 2017-இல் நடுவர் குழு கூறிற்று. 2019-இல் ஐகான் இசைந்தது. 2020-இல் பெயர் கைமாறியது. அந்நாடுகளுக்குச் சில முகவரிகள் ஒதுக்கப்படுமாம். வீட்டை எடுத்துக்கொண்டு திண்ணையைத் தருவதற்குப் பெயர் தாராளமா?

நடுவர்கள் காரணம் கேட்டது தவறா? தவறன்று. அரசு சொன்னாலும் காரணம் சொல்லத்தான் வேண்டும். குறை விதியிலே இருக்கிறது, தோழர்களே! நாட்டின் பெயருக்குக் காப்பு உண்டு; தலைநகரின் பெயருக்குக் காப்பு உண்டு; ஆற்றின் பெயருக்கு இல்லை. ஆற்றங்கரையிலே தலைமுறை தலைமுறையாக வாழும் மக்களின் குரலுக்கு அங்கே இருக்கை இல்லை.

‘பட்டகோனியா’ என்ற பெயரை ஓர் ஆடை நிறுவனம் கேட்டது. அர்ஜென்டினாவும் சிலியும் எதிர்த்தன. 2013-இல் நிறுவனமே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. நல்லது! ஆனால், வணிகரின் பெருந்தன்மையை நம்பியா மக்களின் உரிமை வாழ்வது?

ஆகவே, நாம் வலியுறுத்த வேண்டியவை மூன்று. ஆறு, மலை, நிலப்பகுதி ஆகியவற்றின் பெயர்கள் முன்கூட்டியே பட்டியலில் ஏறவேண்டும். எதிர்ப்போரும் ஏற்போரும் காரணத்தை எழுத்திலே தரவேண்டும். கட்டணம் கேட்போரின் வலிமைக்கேற்ப அமையவேண்டும். பெயர் என்பது வெறும் சரக்கன்று. அதைச் சொல்லி வளர்ந்த மக்களைக் கேளாமல் அதற்கு விலை பேசுவது நீதியுமன்று!